ஸ்கேட்போர்டில் ‘ஒப்புக்குச் சப்பாணி’ உண்டா? மலைப் பிள்ளைகள் ஆட்டையில் சேரும் விதம்

கோத்தகிரி_சரிவு

வணக்கம் மக்களே. 8 முதல் 13 வயது வரை 12 பிள்ளைகள். ஸ்கேட்போர்டு நாலுதான். இடம் கோத்தகிரிப் பக்கம் ஒரு பழைய கூடைப்பந்துத் தளம், 28-க்கு 15 மீட்டர், சிமென்ட். மூன்று பக்கம் தேயிலை, ஒரு பக்கம் கற்பூர மரம் (யூகலிப்டஸ்). ஆறு பேர் ஹட்டிப் (படுகர் ஊர்) பிள்ளைகள், நாலு பேர் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து, மீதி இரண்டு பேர் விடுதிப் பள்ளியில் படிப்பவர்கள், லீவுக்கு வந்திருக்கிறார்கள்.

கிரிக்கெட் என்றால் டீம் பிரிக்கும்போதே யார் யாரோடு என்பது முடிந்துவிடும். இதில் டீமே கிடையாது. அப்படியிருக்க, கூட்டத்தோடு ஒட்டிப்போகிற பாடம் எங்கே இருக்கிறது? உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை போர்டு வாங்கிக் கொடுக்க நாமே சொல்லிக்கொள்கிற சமாதானமா? தத்துவம் வேண்டாம். தளத்தில் என்ன நடக்கும், எதை எப்படி வைத்தால் சரிவரும் என்று சொல்லுங்கள்.

கவர்_டிரைவ்

சமாதானம்தான் சார். ஸ்கேட்போர்டு தனி ஆள் விளையாட்டு. நம் ஊர் விளையாட்டில் உத்தி பிரிப்பதே ஒரு பாடம். இரண்டு பேர் தோளில் கை போட்டு ஒதுங்கிப் போய் ஆளுக்கொரு பேர் வைத்துக்கொண்டு வந்து ‘உத்தி உத்தி, உனக்குச் சூரியன் வேணுமா சந்திரன் வேணுமா’ என்று நிற்பார்கள். தலைவன் குருட்டாம்போக்கில் ஒன்றைக் கேட்பான். வேண்டியவன் வேண்டாதவன் என்று பிரிக்கவே முடியாது. ஆட்டத்துக்கு ஆகாத சின்னப் பிள்ளையை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவுட் ஆனாலும் அவுட் இல்லை, ஆனால் ஆட்டையில் உண்டு. இவ்வளவு நுணுக்கம் பலகையில் எங்கே?

டெயில்_தட்டு

கவர்_டிரைவ் அண்ணே, உத்தி விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கிரிக்கெட்டில் பிள்ளையின் இடத்தை இன்னொருவர் சொல்லிவிடுகிறார். ‘நீ லாங் ஆன்ல நில்லு’, ‘நீ ஒன் டவுன்’. சொன்ன இடத்தில் நின்றால் போதும். ஸ்கேட் தளத்தில் உன் முறை எப்போது என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிள்ளையே பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டும். பாடம் இருப்பது அங்கேதான்.

முறையை எப்படிப் படிப்பது? போர்டைக் கையில் பிடித்து நிற்பவர் இப்போதைக்குப் போகமாட்டார். போர்டைத் தரையில் வைத்து ஒரு கால் மேலே, கண் தளத்தின் மேல் என்றால் அடுத்து அவர். ரேம்ப் (சறுக்கு மேடை) மேல் நின்று டெயிலை, அதாவது போர்டின் பின்முனையை, விளிம்பில் வைத்துவிட்டால் அதுவும் அதே அர்த்தம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கால் வைத்துவிட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், ஒருவர் தலையசைத்து விட்டுக்கொடுப்பார். ஏற்கெனவே உருண்டுகொண்டிருப்பவருக்குத்தான் வழி. விழுந்தவர் முதலில் பாதையை விட்டு விலக வேண்டும், வலியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கால் நழுவி போர்டு தனியாகப் பறந்தால் அதன் சொந்தக்காரர் ‘போர்டு!’ என்று கத்தியே ஆக வேண்டும். கத்தாத பிள்ளையோடு சேர்ந்து விளையாட யாருக்கும் பிடிக்காது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் வந்து இடித்தால் ஏன் என்று புரியும்.

இதையெல்லாம் பார்க்காமல் நடுவில் புகுகிற ஆளுக்கு ஸ்கேட்டர்கள் மத்தியில் ‘ஸ்னேக்’ என்று பேர், பாம்பு. ஆனால் எட்டு வயசுப் பிள்ளை புகுந்தால் அது அடாவடி இல்லை, தன் காலைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத பருவம். திட்டக்கூடாது. கூட ஒருவர் நின்று ‘இப்ப யார் கால் போர்டு மேல இருக்கு?’ என்று கேட்டால் போதும். பத்து முறை கேட்டபின் கேட்கத் தேவையிருக்காது.

பேரிங்608

மனோதத்துவத்துக்குப் போகும் முன் அந்த நாலு போர்டையும் திருப்பிப் போட்டுப் பாருங்கள் சார். ‘சேரமாட்டேங்கிறான், கூச்ச சுபாவம்’ என்று சொல்லப்படும் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் குறை போர்டில்தான் இருக்கும்.

சக்கரங்களைப் பலகையோடு இணைக்கிற அச்சுதான் டிரக். அதில் உள்ள ரப்பர் மாதிரியான இரண்டு வளையம்தான் புஷ்ஷிங். வாங்கும்போது வருவது பெரும்பாலும் 90ஏ-வை ஒட்டிய கடினம் (எண் கூடக் கூடக் கடினம் அதிகம்). 60 கிலோ ஆளுக்கு அது சரி. 25 கிலோ பிள்ளை ஏறி நின்று எவ்வளவு சாய்ந்தாலும் போர்டு திரும்பாது. மற்றவர்கள் வளைந்து வளைந்து போக, இந்தப் பிள்ளை மட்டும் நேர்க்கோட்டில் போய்ச் சுவரில் முட்டி, இறங்கி, போர்டைக் கையால் திருப்பி வைத்து வரும். இரண்டு நாளில் ஓரமாக உட்கார்ந்துவிடும். புஷ்ஷிங்கைக் கோத்திருக்கும் போல்ட்தான் கிங்பின். அதன் நட்டைக் கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்துங்கள். பிள்ளை நின்று சாயும்போது முன்பக்கம் கட்டைவிரல் அகலத்துக்காவது இறங்க வேண்டும். நட்டின் முகமும் கிங்பின் முனையும் ஒரே மட்டத்துக்கு வந்தபிறகு இன்னும் தளர்த்தாதீர்கள், நட்டுக்குள் இருக்கும் நைலான் பிடி விட்டுப்போகும். அப்போதும் திரும்பவில்லை என்றால் 80ஏ-வை ஒட்டிய மென்மையான புஷ்ஷிங் மாற்ற வேண்டியதுதான்.

சக்கரம்: வழவழப்பான ஸ்கேட்பார்க்குக்கு 52 மி.மீ., 99ஏ சரி. வெடிப்பு விழுந்த பழைய சிமென்ட் என்கிறீர்கள், அதற்கு 56 முதல் 58 மி.மீ., 78ஏ-யிலிருந்து 82ஏ. பெரிய சக்கரம் போட்டால் சாயும்போது பலகையில் உரசி, போர்டு சட்டென்று நின்று பிள்ளை முன்னால் பறக்கும். டிரக்குக்கும் பலகைக்கும் நடுவே 3 மி.மீ. ரைசர் (உயர்த்தும் தகடு) வையுங்கள். அப்போது 1 இன்ச் போல்ட் பத்தாது, 1¼ எடுங்கள். பலகை அகலம் சின்னவர்களுக்கு 7.25 முதல் 7.5 இன்ச், பெரியவர்களுக்கு 8 வரை.

பொம்மைக் கடை போர்டு ஏதாவது அந்த நாலில் இருந்தால் டிரக் பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். பிளாஸ்டிக் என்றால் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அது யார் கைக்குப் போகிறதோ அந்தப் பிள்ளை அன்றைக்குக் கடைசிதான்.

ஸ்கேட் டூல் இல்லையென்று கவலை வேண்டாம். 10, 13, 14 ஸ்பானர் மூன்றும் ஒரு பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவரும் போதும். இதைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். பேரிங் கழற்றி மாட்டத் தெரிந்த பிள்ளைக்கு ஓலி (போர்டோடு எம்பிக் குதிப்பது) வராவிட்டாலும் கூட்டத்தில் தனி மரியாதை. இந்தச் சலுகை கிரிக்கெட்டில் இல்லை அண்ணே. பேட்டுக்குக் கிரிப் மாற்றத் தெரிந்தவனுக்கு யாரும் பேட்டிங் தரமாட்டார்கள்.

கவர்_டிரைவ்

கடைசி வரி உண்மை 😀 ஆனாலும் 12 பேருக்கு 4 போர்டு என்றால் எட்டுப் பேர் வேடிக்கைதானே?

லைன்வீட்டு_வாத்தியார்

வேடிக்கை பார்க்கவிட்டால் வேடிக்கைதான். வேலை கொடுத்தால் வேறு கதை.

மூன்று மூன்று பேராக நாலு குழு. ஒருவர் போர்டில், ஒருவர் கை கொடுக்க, ஒருவர் முன்னால் வழி பார்க்க. நிமிஷக் கணக்கில் மாற்றாதீர்கள். கடிகாரம் பெரியவர் கையில் இருக்கும், பிள்ளைகள் கண் உங்கள் மேலேயே நிற்கும். நடைக் கணக்கில் மாற்றுங்கள்: இந்த முனையிலிருந்து அந்த முனை போய் வந்தால் ஒரு நடை, மூன்று நடைக்கு ஒரு மாற்றம். எண்ணுவது வழி பார்க்கிறவர் வேலை. குறைத்து எண்ணினால் கை கொடுப்பவர் சண்டைக்கு வருவார், கூட்டி எண்ணினால் போர்டில் இருப்பவர் வருவார். இரண்டு நாளில் கணக்கு சுத்தமாகிவிடும்.

குழுவை யார் பிரிப்பது? ஹட்டி, லைன், விடுதி என்று அவர்களாகவே பிரிந்துகொள்வார்கள், விட்டால் அப்படியே இறுகிவிடும். இங்கேதான் கவர்_டிரைவ் சொன்ன உத்தி கைகொடுக்கும். ஆனால் உத்திக்கு இணை சேரும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையோடுதான் சேருவார்கள், அதனால் எதிரெதிர் பக்கம் போய்விடுவார்கள். நமக்கு வேண்டியதும் அதுதானே! நமக்கு நாலு குழு என்பதால் நாலு நாலு பேராக ஒதுங்கி நாலு பூப்பேர் எழுதிய சீட்டில் ஆளுக்கொன்று எடுக்கட்டும். ஒரே பூ எடுத்த மூவர் ஒரு குழு. சேர்ந்து ஒதுங்கியவர்கள் ஒரே குழுவில் விழ வாய்ப்பே கிடையாது.

அப்புறம் துடைப்பம். கற்பூர மரம் பக்கத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் காய் ஒன்று சக்கரத்துக்கு அடியில் போனால் சக்கரம் அப்படியே நிற்கும், ஆள் நிற்கமாட்டார். முதல் பத்து நிமிஷம் தளத்தைப் பெருக்குவதுதான் ஆட்டத்தின் தொடக்கம். புதிதாக வருகிற பிள்ளைக்கு ஓலி தெரியாது, கிக்டர்ன் (முன்சக்கரத்தைத் தூக்கித் திரும்புவது) தெரியாது, ஆனால் பெருக்கத் தெரியும். வந்த முதல் நாளே கூட்டத்துக்கு ஏதோ ஒன்றைச் செய்துவிட்டுப் போர்டில் ஏறுகிறது. ஒப்புக்குச் சப்பாணியாக வந்து நிற்பதைவிட இது மேல் என்பது என் கட்சி. ஒரே ஒரு எச்சரிக்கை: மூன்றாவது நாள் பாருங்கள், துடைப்பம் தானாகவே பெண் பிள்ளைகள் கைக்குப் போயிருக்கும். யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். முந்தின நாள் கடைசியாகப் போர்டில் இருந்த நாலு பேர் மறுநாள் பெருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

குன்னூர்_மழைக்கோட்டு

துடைப்பத்தைச் சொன்னதற்கு நன்றி வாத்தியாரே. அதே வரிசையில் இன்னும் இரண்டு விஷயம், யாரும் வாய்விட்டுச் சொல்லாதவை.

ஒன்று கை கொடுப்பது. தொடக்கத்தில் இரண்டு கையையும் எதிரே ஒருவர் பிடித்தால்தான் பிள்ளைக்குத் தைரியம் வரும். 11, 12 வயதில் ஆணும் பெண்ணும் கை பிடிக்கக் கூச்சப்படுவார்கள், பார்க்கிற பெரியவர்களுக்கும் ஒரு மாதிரி இருக்கும். உள்ளங்கையைப் பிடிக்கவே வேண்டாம். உதவுகிறவர் இரண்டு முன்கையையும் மேசை மாதிரி நீட்ட, போர்டில் இருப்பவர் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில் பிடித்துக்கொள்ளட்டும். பிடிக்கிறதும் விடுகிறதும் போர்டில் இருப்பவர் இஷ்டம். பாதுகாப்புக்கும் இதுதான் நல்லது. உள்ளங்கையைப் பிடித்தால் உதவுகிறவர் தன்னையறியாமல் இழுப்பார், இழுத்தால் உடம்பு முன்னால் வரும், போர்டு பின்னால் போகும்.

இரண்டாவது ஹெல்மெட். நாலு போர்டுக்கு நாலு ஹெல்மெட் என்றால் 12 தலைக்கும் அதுவே சுற்றும். ‘அவன் போட்டதை நான் போடமாட்டேன்’ என்ற பேச்சு வரும். பேன், வியர்வை என்று காரணம் சொல்வார்கள். சில வீட்டில் காரணம் வேறாகவும் இருக்கும், பிள்ளைக்கு அது புரியாமலே அந்த வார்த்தையைக் கொண்டுவரும். விவாதம் பண்ணாதீர்கள். ஆளுக்கொரு பருத்திக் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டுதான் ஹெல்மெட் என்று எல்லோருக்கும் ஒரே விதி வைத்தால் ‘பேன்’ காரணம் அடிபட்டுப்போகும். உள் பஞ்சைக் கழற்றித் துவைத்துக் காயவையுங்கள், மழைக்காலத்தில் அடுப்படிச் சூட்டில். அளவு: புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளிதான், அதற்கு மேல் நெற்றி தெரியக்கூடாது. பக்க வார் இரண்டும் காதுக்குக் கீழே ‘வி’ மாதிரி சேர வேண்டும். இஎன் 1078 என்ற ஐரோப்பியத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

மத்தியப் பிரதேசம் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்ற கிராமத்தில் 2015-ல் ஒரு ஸ்கேட்பார்க் வந்தது. அங்கே இரண்டே விதி: பெண் பிள்ளைகளுக்கு முதலிடம், பள்ளிக்கூடம் போகாவிட்டால் ஸ்கேட்போர்டு இல்லை. பெண் பிள்ளை வந்து கேட்டால் பையன் போர்டைக் கொடுத்துவிட வேண்டும். விதி சின்னதாக இருந்ததால்தான் நின்றது. பன்னிரண்டு விதி எழுதி மாட்டினால் பிள்ளைகள் படிக்கமாட்டார்கள், பெரியவர்கள் மட்டும்தான் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பார்கள்.

வில்பட்டிக்காரன்

எல்லாம் சரி. மலையில் இருக்கிறோம் என்பதை ஒருவரும் பேசவில்லையே. கடற்கரைப் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் வித்தியாசம் சரிவுதான். நம் பிள்ளைகள் கூட்டத்தோடு சேர்ந்து செய்யக்கூடிய மிகப் பெரிய தப்பும் அதுதான்.

தளத்தில் நாலு நாள் பழகியதும் எவனாவது ஒருவன் ‘ரோட்டுல இறங்கலாம்டா’ என்பான். கொடைக்கானலில் ஏழு ரோடு சந்திப்பைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம் அல்லது இறக்கம். கணக்குப் போட்டுக் காட்டுங்கள்: 10 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்குகிற ரோட்டில் 20 மீட்டர் போனால் 2 மீட்டர் இறக்கம். உராய்வைத் தள்ளிவிட்டால் வேகம் மணிக்கு 22 கிலோமீட்டர். பத்து வயசுப் பிள்ளை ஓடிக் குதித்துத் தப்பிக்கிற வேகம் அதில் பாதிதான். காலைத் தரையில் தேய்த்து நிறுத்துவதும் அந்த வேகத்தில் நடக்காது. சக்கரம் எவ்வளவு நல்லதோ அவ்வளவு மோசம். இதில் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவைப் பற்றி வீரம் பேசுகிறவர்களும் உண்டு.

கூட்டத்தில் சேர்வது என்றால் கூட்டம் இறங்கும்போது ‘நான் வரல’ என்று சொல்லிவிட்டு மறுநாளும் அதே கூட்டத்தில் நிற்க முடிவதும்தான். அதற்குத் தளத்திலேயே பழக்கம் வேண்டும். ஒரு பிள்ளை முறை வந்தும் ‘பாஸ்’ என்று சொன்னால் யாரும் காரணம் கேட்கக்கூடாது, பெரியவர் உட்பட. ‘அட, சும்மா போடா, பயமா?’ என்று ஒரு முறை பெரியவர் சொன்னால் போதும், அந்த வாசகம் அப்படியே ரோட்டில் இறங்கும் நாளன்று திரும்பி வரும்.

தளத்துக்கே வருவோம். சமமாகத் தெரிகிற சிமென்ட் தளத்திலும் தண்ணீர் வடிய 100-க்கு 1 என்று சரிவு விட்டிருப்பார்கள். ஒரு கோலிக்குண்டை வைத்தால் காட்டிக்கொடுக்கும். புதிதாக வந்தவர்களைத் தாழ்ந்த பக்கத்திலிருந்து ஏற விடுங்கள், போர்டு தானே வேகம் குறையும். பழகியவர்கள் மேலிருந்து வரலாம். வழி குறுக்கிடாமல் இருக்க நடுவில் சுண்ணாம்புக்கோடு.

டெயில்_தட்டு

‘பாஸ்’ அருமை. ஒரு சந்தேகம், எப்போதும் பாஸ் சொல்லியே உட்கார்ந்திருக்கிற பிள்ளையை என்ன செய்வது?

வில்பட்டிக்காரன்

போர்டை பேரிங்608-ன் முறைப்படி பாருங்கள். போர்டு சரியென்றால், எந்தக் கால் முன்னால் வைக்கிறது என்று பாருங்கள். இடது கால் முன்னால் என்றால் ரெகுலர், வலது முன்னால் என்றால் கூஃபி. பெரும்பான்மை ரெகுலர் என்பதால் மற்ற பிள்ளைகள் ‘தப்பா நிக்கிற, மாத்து’ என்று மாற்றிவிடுவார்கள். போதாக்குறைக்குக் கூஃபி என்றால் கோமாளித்தனம் என்று யாராவது அர்த்தம் சொல்லிவிடுவார்கள். உலகப் புகழ் ஸ்கேட்டர் டோனி ஹாக் கூஃபிதான் என்று சொல்லுங்கள், அடங்கிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி: வழுக்குகிற தரையில் சாக்ஸோடு ஓடிவந்து சறுக்கச் சொல்லுங்கள், எந்தக் கால் முன்னால் வருகிறதோ அது. பின்னாலிருந்து தள்ளிவிட்டுப் பார்க்கிற வழக்கம் வேண்டாம். அது பாஸ் சொல்கிற பிள்ளையை நிரந்தரமாகப் பாஸ் சொல்ல வைக்கும்.

உப்புக்காற்று

கடற்கரையிலிருந்து ஒரு குறுக்கீடு. எங்கள் மாமல்லபுரம் பக்கம் ரேம்ப் பழக்கம் உண்டு. கூட்டம் என்பதன் முழு அர்த்தமும் தெரிய டிராப்-இன் (ரேம்ப் உச்சியிலிருந்து போர்டோடு இறங்குவது) சொல்லிக்கொடுக்கும்போது பாருங்கள். 2 அடி உயரக் குவார்ட்டர் பைப் (வளைந்த ரேம்ப்) போதும். வளைவின் ஆரம் 6 அடி, மேல் விளிம்புக்கு 2 இன்ச் ஜி.ஐ. பைப் (வெளிவிட்டம் 60 மி.மீ.), வளைவைவிட 6 முதல் 10 மி.மீ. வெளியே துருத்திக்கொண்டு.

டெயிலை விளிம்பில் வைத்துப் பின்கால் டெயில் மேல். பின் சக்கரம் விளிம்பைத் தாண்டி வளைவுப் பக்கம் தொங்க வேண்டும். முன்கால் முன் போல்ட்டுகள் மேல். இப்போது முன்காலை ஓங்கி அழுத்தி முன் சக்கரம் தரையில் படவைக்க வேண்டும், தோளும் கூடவே முன்னால் போக வேண்டும். மனசு பின்னால் இழுக்கும். இழுத்தால் போர்டு முன்னால் ஓடிப்போய்விடும், பிள்ளை முதுகும் பின்மண்டையும் அடிபட விழும். பாதி மனசோடு இறங்கினால்தான் அடி. முழுசாக இறங்கினால் ஒன்றுமில்லை.

உதவிக்கு இரண்டு பேர். ஒருவர் வளைவின் அடியில் சற்று ஒதுங்கி நின்று முன்கை நீட்டுவார், குன்னூர் அம்மா சொன்ன மாதிரியே. இன்னொருவர் மேலே பக்கவாட்டில். முதல் மூன்று முறை இரண்டு கை, அடுத்து ஒரு கை, அடுத்து ஒரு விரல். விரல் எதையும் தாங்காது, தாங்கத் தேவையும் இல்லை. கை கொடுக்கிற ஆள் பெரியவராக இல்லாமல் போன வாரம்தான் இறங்கப் பழகிய பிள்ளையாக இருந்தால் பலன் இரண்டு மடங்கு. எந்த இடத்தில் பயம் வரும் என்று அதற்குத்தான் இன்னும் ஞாபகம் இருக்கும். தனியாக இறங்கியதும் சுற்றி நிற்பவர்கள் போர்டின் டெயிலைத் தரையில் டக் டக்கென்று தட்டுவார்கள். அதுதான் எங்கள் கைதட்டல்.

2021 ஆகஸ்ட் 4, டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் ஸ்கேட்போர்டிங் ‘பார்க்’ பிரிவு இறுதிச் சுற்று ஞாபகம் இருக்கும். தங்கம் வாங்குவார் என்று எதிர்பார்க்கப்பட்ட மிசுகு ஒகமோதோ, 15 வயசு, கடைசி ஓட்டத்தின் முடிவில் விழுந்து நாலாவது இடம். அழுதுகொண்டு வெளியே வந்தவரை எதிர்த்துப் போட்டியிட்ட பிள்ளைகளே தோளில் தூக்கினார்கள். அந்தப் போட்டியில் வெள்ளி வாங்கிய கொகோனா ஹிராகிக்கு வயசு 12, வெண்கலம் ஸ்கை பிரவுன் 13.

கவர்_டிரைவ்

கேமரா இருந்தால் எல்லோரும் நல்லவர்கள். இந்த உலகத்தில் ஒதுக்குவதே இல்லை என்கிறீர்களா? நம்பமாட்டேன்.

உப்புக்காற்று

இல்லையென்று யார் சொன்னது? ஒதுக்குகிற வழி வேறு, அவ்வளவுதான். டீமில் எடுக்காமல் விடுவது கண்ணுக்குத் தெரியும். இங்கே கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். பெரிய பையன்கள் நாலு பேர் ரேம்ப் மேல் இடைவெளி விடாமல் அடுத்தடுத்து டெயில் வைத்துக்கொண்டே இருப்பார்கள். யாரும் யாரையும் தடுக்கவில்லை, ஆனால் சின்னவருக்கு முறையே வராது. ‘போசர்’ என்று ஒரு வசவு உண்டு: உடையும் ஷூவும் ஸ்கேட்டர் மாதிரி, ஆட்டம் வராது என்று அர்த்தம். புது ஷூ போட்டு வருகிற விடுதிப் பிள்ளைக்கு அது விழும். கேன்வாஸ் ஷூவோடு வருகிற லைன் வீட்டுப் பிள்ளைக்கு வேறு மாதிரி விழும். இன்னொன்று போன். ஒருவன் வீடியோ எடுக்க ஆரம்பித்ததும் தளம் முழுக்க அவனுக்காகக் காலியாக வேண்டும் என்று ஆகிவிடும். நேரம் குறித்து, கடைசி பதினைந்து நிமிஷம் மட்டும் வீடியோ என்று வைத்தால் அடங்கும்.

ஒகமோதோ விஷயத்தில் கேமராவுக்காக என்பதை ஏற்கமாட்டேன். ஒரு வித்தையை ஒருவர் எத்தனை நூறு முறை விழுந்து பழகியிருப்பார் என்பது பக்கத்தில் விழுந்தவருக்குத் தெரியும்.

லைன்வீட்டு_வாத்தியார்

பெரியவர்கள் அடைத்துக்கொள்வதற்கு மருந்து: நாளில் முதல் அரை மணி ரேம்ப் சின்னவர்களுக்கு. மீதி நேரம் கலந்து. சின்னவர்கள் முதலில் என்று வைப்பதில் ஒரு லாபம், பெரியவர்கள் அந்த அரை மணி சும்மா நிற்க முடியாமல் கை கொடுக்க வந்துவிடுவார்கள்.

வயது பற்றி ஒரு வார்த்தை. ஐந்து வயசுக்குக் கீழே போர்டே வேண்டாம், பத்து வரை பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. அக்காவோடு வந்த நாலு வயசுத் தம்பியை ஏற்றிவிடாதீர்கள், அவன் எவ்வளவு அழுதாலும். சுண்ணாம்புக்கோடு போடுகிற வேலையைக் கொடுங்கள்.

தலையில் அடிபட்டால் ஹெல்மெட் இருந்தாலும் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் முடிந்தது. வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல் என்றால் உடனே ஆஸ்பத்திரி. ஒருவர் கூடவே உட்கார, ஒருவர் பெரியவரைக் கூப்பிட ஓட, ஒருவர் மற்ற போர்டுகளை நிறுத்த. மூன்று பேர் குழுவுக்கு இப்படியும் ஒரு உபயோகம். இதை முதல் நாளே ஒருமுறை நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், விழுந்தவராக நடிக்கப் போட்டி நடக்கும்.

பேரிங்608

போட்டி என்றதும் ஞாபகம் வந்தது. ‘ஸ்கேட்’ என்ற ஐந்து ஆங்கில எழுத்தை வைத்து ஒரு ஆட்டம் உண்டே, அதை ஒருவரும் சொல்லவில்லை. ஒருவர் ஒரு வித்தை வைப்பார். மற்றவர்கள் வரிசையாக அதையே செய்ய வேண்டும், முடியாதவருக்கு ஒரு எழுத்து. வைத்தவரே தவறினால் எழுத்து இல்லை, வைக்கிற உரிமை அடுத்தவருக்கு. ஐந்து எழுத்தும் சேர்ந்தால் அவுட். கடைசி எழுத்துக்கு மட்டும் இரண்டு முறை முயலலாம். யார் முதலில் என்பதற்குச் சாட் பூட் த்ரீ.

வித்தை என்றால் ஓலிதான் வேண்டுமென்பதில்லை. மூன்று உந்தலில் நடுக்கோடு தாண்டுதல், தலையில் கை வைத்து உருளுதல், 90 டிகிரி கிக்டர்ன், ஐந்து டிக்-டாக் (முன்பக்கத்தை இடமும் வலமும் மாற்றி மாற்றித் திருப்பி நகர்வது), உட்கார்ந்தபடி சுண்ணாம்புக்கோட்டைத் தொடுதல், எல்லாம் செல்லும்.

இதில் ஒரு பிசகு இருக்கிறது. ஆட்டம் வராத பிள்ளை முதலில் அவுட் ஆகும், அதிகம் விளையாட வேண்டிய பிள்ளைதான் அதிக நேரம் உட்கார்ந்திருக்கும்.

கவர்_டிரைவ்

அதற்கு என்னிடம் மருந்து இருக்கிறது. முதலில் அவுட் ஆனவர் நடுவர். கால் தரையில் பட்டதா இல்லையா என்று அவர் சொன்னால் சொன்னதுதான். அழுகுணி ஆட்டம் ஆடுகிற பெரிய பையனைப் பார்த்து ஒன்பது வயசுப் பிள்ளை ‘கால் பட்டுச்சு, எழுத்து’ என்று சொல்லட்டுமே.

டெயில்_தட்டு

அண்ணே, எங்க பக்கம் வந்துட்டீங்க 😀

கவர்_டிரைவ்

வரவில்லை. கிரிக்கெட்டில் மூன்றாவது அம்பயர் இருக்கிறார், அதைத்தான் சொன்னேன். அப்புறம், ஆங்கில எழுத்து எதற்கு? ‘கோத்தகிரி’ என்று எழுதிப் பாருங்கள், கோ-த்-த-கி-ரி. கச்சிதமாக ஐந்து.

வில்பட்டிக்காரன்

அட! ‘கொடைக்கானல்’ ஆறு வரும். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு உயிர் அதிகம்.

குன்னூர்_மழைக்கோட்டு

‘குன்னூர்’ நாலு. நேரம் குறைவான மாலைக்கு. முதல் நாள் பிள்ளைகளுக்கு எதை வைப்பது?

லைன்வீட்டு_வாத்தியார்

‘ஊட்டி’ மூன்று எழுத்து என்று சின்னவர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள், சீக்கிரம் அவுட் ஆவார்கள். தலைகீழாகக் கொடுங்கள். ஒரே ஆட்டத்தில் பெரியவர்களுக்கு ‘ஊட்டி’, புதியவர்களுக்கு ‘உதகமண்டலம்’, எட்டு எழுத்து. ஊர் ஒன்றுதான், உயிர்தான் கூடக் குறைய. ஒப்புக்குச் சப்பாணி என்று தனியாக ஒருவரும் தேவையில்லை, அவுட் ஆனால் அவுட்தான்.

கோத்தகிரி_சரிவு

எல்லோருக்கும் நன்றி. புஷ்ஷிங் பார்த்தேன், நாலு போர்டிலும் நட்டு முழு இறுக்கம். ஒன்று பிளாஸ்டிக் டிரக், அதை எடுத்துவிட்டால் மூன்று போர்டுதான். குழு மூன்றா நாலா?

லைன்வீட்டு_வாத்தியார்

நாலு குழுவே இருக்கட்டும். மூன்று குழு போர்டில், நாலாவது குழு ஸ்பானரும் துடைப்பமும் நடுவர் வேலையும். சுற்றி வரட்டும்.

பேரிங்608

கடைசியாக, மழைக்காலம். மூடுபனி இறங்கினாலே தளம் ஈரம், பாசி பிடித்த மூலையில் சக்கரம் வழுக்கும். ஈரத்தில் ஓட்டினால் பேரிங் துருப்பிடிக்கும், பலகையின் ஏழு அடுக்கும் ஓரத்தில் பிரியும். நனைந்துவிட்டால் அன்றைக்கே கழற்றித் துடைத்து, மண்ணெண்ணெயில் அலசி, நன்றாகக் காயவைத்து, பேரிங்குக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். மூன்று போர்டுக்கு மொத்தம் 24 பேரிங், ஆளுக்கு இரண்டு சரியாக வரும். மாட்டும்போது ஆக்ஸில் நட்டை முழுதாக இறுக்காதீர்கள், சக்கரம் பக்கவாட்டில் மயிரிழை ஆட வேண்டும். யாராவது ஒரு பிள்ளை வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் எடுத்துவரும். வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் குளிரில் அது உறைந்து நிற்கும், மறுநாள் காலையில் சக்கரம் சுற்றாது.

கோத்தகிரி_சரிவு

ஏற்கெனவே ஒருவர் கொண்டுவந்து வைத்திருக்கிறார் 🙂 தலைக்குத் தேய்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.